லேப்டாப் திரை மினுக்குகிறதா? டிரைவரைத் தொடுவதற்கு முன் மூடியை ஆட்டிப் பாருங்கள்

லேப்டாப் திரை மினுக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்குச் செய்வது இரண்டில் ஒன்றுதான். யூடியூபைப் பார்த்து டிரைவரை, அதாவது திரையை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை, அழித்து மறுபடி போடுவார்கள், இல்லையென்றால் நேரே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடையில் ஒரு நொடி பார்த்துவிட்டு "டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் படம் காட்டும் பேனல் நன்றாக இருந்து அதற்குப் போகிற கேபிள் கெட்டிருக்கலாம், கேபிளும் நன்றாக இருந்து பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்டெலோ விண்டோஸோ செய்கிற வேலையாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். எப்போது மினுக்குகிறது, எப்போது மினுக்கவில்லை என்று கொஞ்ச நேரம் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

முதலில் மூடி. காலி நோட்பேட் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள், பாதி மூடித் திறங்கள், ஒவ்வொரு கோணத்திலும் சில நொடி நிறுத்துங்கள். ஒரு கோணத்தில் நன்றாக இருந்து இன்னொரு கோணத்தில் கோடு விழுந்தாலோ, வெளிச்சம் மட்டும் போய்ப் போய் வந்தாலோ, சந்தேகம் டிஸ்ப்ளே கேபிள் மேல்தான். மதர்போர்டிலிருந்து கிளம்பி, ஹிஞ்ச் எனும் மூடியின் கீல் வழியாக மூடிக்குள் ஏறி, பேனலின் பின்பக்கம் போய்ச் சேருகிற மெல்லிய கேபிள் அது. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அதுவும் சேர்ந்து மடங்கி நிமிர்கிறது. பழைய இயர்போனை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும் பாட்டு கேட்குமே, அதே கதைதான். ஹிஞ்ச் இறுகிப்போய், திறக்கும்போதே ஓரத்தில் பிளாஸ்டிக் வாயைப் பிளக்கிற லேப்டாப் என்றால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

விலை உயர்ந்த மெஷினுக்கு இதெல்லாம் வராது என்றும் சொல்ல முடியாது. 2016-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்த கேபிள் திறந்து மூட மூடத் தேய்ந்து, முதலில் திரையின் அடியில் திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் ஒரு கோணத்துக்கு மேல் திறந்தால் முழு இருட்டு. 2018 மாடலில் அதே கேபிள் 2 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருப்பதை, ரிப்பேர் வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் ஆட்கள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் அந்த 2016 மாடல்களுக்கு இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது.

மூடியை ஆட்டியதில் மாற்றம் தெரிந்துவிட்டால் டிரைவர், அப்டேட் பக்கமே போக வேண்டாம், கீழே லேப்டாப்பைத் திறக்கும் இடத்துக்குத் தாவிவிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வருகிற லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை. லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்த உடனே டெல், ஏசர், ஆசுஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவாவில் எஃப்2, அதிலும் திங்க்பேட் என்றால் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை வந்ததும் அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, நீங்கள் போட்ட டிரைவர் இல்லை, எந்த ஆப்பும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் கோளாறு வன்பொருளில், விண்டோஸை ஃபார்மட் அடித்துப் பிரயோஜனமில்லை. பத்து நிமிடம் போய்ச் சூடேறிய பிறகுதான் மினுக்க ஆரம்பிக்கும் மெஷின்களும் உண்டு, அதனால் ஒரு நொடி பார்த்துவிட்டு "பயாஸில் ஓகே" என்று முடிவுக்கு வராதீர்கள். டெல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: டி (D) எழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு நிறங்களாக மாறி மாறிக் காட்டும். அதில் கோடோ மினுக்கலோ தெரிந்தால் பேனலையும் கேபிளையும் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

டிவியிலோ மானிட்டரிலோ எச்டிஎம்ஐ போட்டுப் பார்க்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள், செய்யுங்கள், நல்லதுதான். விண்டோஸ் விசையுடன் பி (P) அழுத்தி டூப்ளிகேட் வைத்தால் இரண்டிலும் ஒரே படம் வரும். இரண்டும் மினுக்கினால் பேனல் நிரபராதி. டிவி நன்றாக இருந்து லேப்டாப் மட்டும் மினுக்கினால் பேனல்தான் குற்றவாளி என்று அடித்துச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவிலிருந்து வரும், உள்திரை இன்டெல் சிப்பிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாக ஓடும். டிவி நன்றாக இருந்தால் என்விடியா நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், இன்டெல் டிரைவருக்கு அது நற்சான்றிதழ் இல்லை. ஆகவே பயாஸ் சோதனையையும் டிவி சோதனையையும் சேர்த்து வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சரி, பயாஸில் அமைதி, விண்டோஸில் மட்டும் மினுக்கல். இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மைக்ரோசாஃப்டே சொல்லித்தரும் வழி இது. டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர். மற்றதெல்லாம் மினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப். 2015-இல் விண்டோஸ் 10 வந்த புதிதில் நார்ட்டன் ஆன்டிவைரஸ், ஐகிளவுட், ஐடிடி ஆடியோ மூன்றையும் மைக்ரோசாஃப்ட் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தது. ஆடியோ சாஃப்ட்வேருக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது. உங்கள் மெஷினில் மினுக்கல் எந்த நாளில் ஆரம்பித்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நிறுவினீர்கள் என்று யோசித்து அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் ஐகான்களும் டாஸ்க்பாரும் மட்டும் மறைந்து மறைந்து வந்தால் எக்ஸ்ப்ளோரர் விழுந்து விழுந்து எழுகிறது என்று அர்த்தம், டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். குரோம் அல்லது எட்ஜுக்குள் மட்டும் மினுக்கினால் அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனை அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

டிரைவர்தான் என்று தெரிந்தால், முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம், திரை ஒரு கணம் இருண்டு திரும்பும், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கும். தற்காலிக நிவாரணம்தான். அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த மினுக்கல் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், அதில் உங்கள் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அங்கே இருக்கும் டிரைவரை இறக்குங்கள். புதிது என்பதற்காக இன்டெல் தளத்திலிருந்து பொதுவான டிரைவரைப் போடுவதைவிட, அந்த மாடலில் சோதித்துப் பார்த்து அவர்களே போட்டிருப்பது பெரும்பாலும் நிம்மதி. போடும்வரை இன்டர்நெட்டைத் துண்டித்து வையுங்கள், இல்லையென்றால் நடுவில் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டுவிடும்.

இனி நிறைய பேரைச் சுற்றலில் விடும் ரகம்: சார்ஜரில் இருக்கும்போது ஒன்றுமில்லை, உருவியவுடன் மினுக்கல். இது பெரும்பாலும் கோளாறே இல்லை, சிக்கனம். திரையில் படம் மாறாமல் நிற்கும்போது கிராஃபிக்ஸ் சிப் ஒவ்வொரு தடவையும் அதே படத்தை அனுப்பாமல் ஓய்வெடுக்கும், பேனல் தன்னிடம் இருக்கும் நினைவகத்திலிருந்து கடைசிப் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும். பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று பெயர். மவுஸை அசைத்தவுடன் சிப் மறுபடி வேலைக்கு வரும், அந்தக் கைமாற்றம் சில பேனல்களில் சரியாக நடப்பதில்லை. அடையாளம் இதுதான்: வீடியோ ஓடும்போது மினுக்காது, படித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு மவுஸைத் தொட்டால் ஒரு துடிப்பு துடிக்கும். இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் சிஸ்டம், பவர், ஆன் பேட்டரி என்று போனால் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் இருக்கும், அணைத்துவிடுங்கள். அங்கேயே டிஸ்ப்ளே பவர் சேவிங்கையும் அணையுங்கள், வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்பு விண்டோவுக்கு மாறும்போது வெளிச்சம் ஏறி இறங்குவது அதனால்தான். ஏஎம்டி லேப்டாப் என்றால் அட்ரினலின் சாஃப்ட்வேரில் இதே வேலையைச் செய்வது வேரி-பிரைட். விண்டோஸ் 11-இலும் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரைட்னஸுக்குக் கீழே, திரையில் இருப்பதைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் தேர்வு ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் ஆஃப் செய்யுங்கள். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரிஃப்ரெஷ் ரேட் டைனமிக் என்று இருந்தால் 60 என்றோ 120 என்றோ நிலையாக ஒன்றை வைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, சார்ஜர் போட்டால் மட்டும் மினுக்குகிறதா? அந்தச் சார்ஜரை உருவிவிட்டு வேறு பிளக், அப்புறம் அதே வாட் உள்ள வேறு ஒரிஜினல் சார்ஜர், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கண் கூசுகிறது, தலை வலிக்கிறது, ஆனால் நேராகப் பார்த்தால் மினுக்கல் தெரியவில்லை என்பவர்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைக் காட்டுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால், அந்தத் திரை வெளிச்சத்தைக் குறைப்பதற்காக பேக்லைட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுகிறது. அறை விளக்கை அணைக்கச் சொன்னது ஏனென்றால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கேமரா அதையும் பிடித்துக் குழப்பிவிடும். இதற்கு ரிப்பேர் கிடையாது. பிரைட்னஸை மேலே வைத்துக்கொண்டு டார்க் மோடில் வேலை செய்வதுதான் வழி.

இன்னொரு வேடிக்கை: மினுக்காமல், திரை மொத்தமாக அணைந்து அணைந்து வந்தால் கையில் காந்த வளையல், காந்தம் வைத்த வாட்ச் பட்டை, கீபோர்டு ஓரத்தில் காந்த மூடி போட்ட போன் கவர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் கண்டுபிடிப்பதே உள்ளே இருக்கும் காந்த உணரியால்தான், அதன் பக்கத்தில் காந்தம் வந்தால் மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும்.

இப்போது கேபிள். வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள், அங்கேயே கொடுங்கள். இல்லையென்றால், திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஷட்டவுன் செய்துவிட்டேன், சார்ஜர் இல்லை, போதாதா என்றால் போதாது. இந்த கேபிளில் படத்துக்கான இழைகளோடு பேக்லைட்டுக்கான மின்சாரமும் போகிறது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது கனெக்டரைக் கோணலாக உருவினால் பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆகி மதர்போர்டில் பேக்லைட் ஃபியூஸ் போய்விடும், மினுக்கிய திரை அதற்கப்புறம் இருட்டுதான். கடுகு சைஸ் ஃபியூஸ், அதை மாற்றக் கடைக்குத்தான் போக வேண்டும்.

பேட்டரி கழன்றதும் மதர்போர்டில் ஹிஞ்ச் பக்கமாகப் பாருங்கள். டிஸ்ப்ளே கனெக்டரின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும், அதை நகத்தால் மெதுவாக எடுத்தால் பல மாடல்களில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று கொக்கி மாதிரி பூட்டியிருக்கும். அதை நிமிர்த்தி, கனெக்டரை மேலே தூக்காமல் போர்டுக்கு இணையாகப் பின்னால் இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பின்கள் கறுத்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா பாருங்கள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய விட்டு, நேராகச் செருகி, கொக்கியைப் பூட்டி, டேப்பை ஒட்டுங்கள். லேப்டாப் ஒருமுறை கீழே விழுந்து அதற்குப் பிறகு மினுக்க ஆரம்பித்தது என்றால் இதிலேயே சரியாகிவிட வாய்ப்புண்டு. அப்புறம் ஹிஞ்சுக்குள் கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். மேலே சுற்றியிருக்கும் உறை கிழிந்து உள்ளே இழை தெரிந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், கேபிளையே மாற்றுங்கள். பேனலைவிட எவ்வளவோ மலிவு.

கேபிள் மாற்றியும் போகவில்லை, பயாஸிலும் மினுக்குகிறது, டிவியில் மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால்தான் பேனல். வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலுக்கே பிஓஈ, எல்ஜி, ஏயூஓ, இன்னோலக்ஸ் என்று வேறு வேறு பேனல் போட்டிருப்பார்கள். பழைய பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி என்றால் பெரும்பாலும் 30 பின், 120, 144 ஹெர்ட்ஸும் டச் திரைகளும் பெரும்பாலும் 40 பின், மாற்றி வாங்கினால் செருகவே முடியாது. சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடத்தில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் கொடுத்தாலும் சரி, பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே மூடியை எல்லாக் கோணத்திலும் ஆட்டி, பிரைட்னஸை அடி வரை இறக்கி ஏற்றி, சார்ஜரை உருவி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பேனல் விலையைக் கேட்டால் லேப்டாப்பே அவ்வளவு பெறாது போலிருக்கிறதா? பழைய மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐயில் மாட்டி, பவர் ஆப்ஷன்ஸில் மூடி மூடும்போது எதுவும் செய்யாதே என்று டூ நத்திங் வைத்துவிட்டால், தனி கீபோர்டு மவுஸோடு வீட்டுக் கம்ப்யூட்டராக இன்னும் சில வருடம் ஓட்டலாம். மூடியபடியே ஓடும் லேப்டாப் சில மாடல்களில் கூடுதலாகச் சூடேறும், அதனால் அடியில் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள்.