யூரினல் கலையா? சண்டை போடுறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேக்டரியில செஞ்ச சாமான் கலையாகுமான்னு பேச்சு வந்தாலே பிரெஞ்சு கலைஞர் மார்செல் டுஷாம்போட யூரினலைத்தான் எல்லாரும் இழுப்பாங்க. இழுக்கட்டும், ஆனா நடந்த கதையையே மாத்தி வச்சுக்கிட்டு சண்டை போடுறாங்க பாருங்க, அங்கதான் கடுப்பாகுது.

"அன்னைக்கு கண்காட்சியில வச்சு கைதட்டினாங்க"ன்னு சொல்லாதீங்க. 1917ல நியூயார்க்ல நடந்த அந்த கண்காட்சியில 6 டாலர் கட்டினா யார் எத அனுப்புனாலும் வைப்போம்னுதான் ரூல், டுஷாம்பும் அத நடத்துன கலைஞர்கள் சங்கத்து கமிட்டியிலயே இருந்தவரு, ஒரு யூரினல மல்லாக்கப் படுக்க வச்சு 'ஆர். மட் 1917'னு வேற பேர்ல கையெழுத்து போட்டு அனுப்பிட்டாரு, ரூல் போட்டவங்களே இது கலை இல்லன்னு ஓட்டுப் போட்டு ஒதுக்கிட்டாங்க, இவரு ராஜினாமா பண்ணிட்டாரு. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த போட்டோ மட்டும் மிஞ்சுச்சு, ஒரிஜினல் தொலைஞ்சே போச்சு.

அப்போ லண்டன் டேட் மியூசியத்துல இருக்கே, அது? "கடையில வாங்கின சாமானுக்கு இவ்ளோ பில்டப்பா"ன்னு அதப் பார்த்துத் திட்டுறவங்கதான் ஜாஸ்தி, ஆனா அது கடைச் சாமானே கிடையாது. 1964ல அந்த போட்டோவப் பார்த்து மண்ணுல செஞ்சு, பீங்கான் மாதிரி தெரியணும்னு மேல பூசி எடுத்த காப்பி. ஃபேக்டரி பொருளக் கையால காப்பியடிச்சு வச்சிருக்காங்க, திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க.

சப்போர்ட் பண்றவங்களும் சளைச்சவங்க இல்ல. "அந்த வளைவப் பாருங்க, என்ன அழகு"ம்பாங்க. அழகா அசிங்கமான்னு எதுவுமே தோணாத சாமானாப் பார்த்துதான் எடுத்தேன்னு டுஷாம்பே சொல்லிருக்காரு சாமி! அழகுக்காக வச்சது வேற கதை, 1934ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல பால் பேரிங், ஸ்பிரிங், புரொப்பெல்லர் எல்லாம் சிலை மாதிரி வச்சாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

கடைசியா அமெரிக்க கலைஞர் ஆண்டி வார்ஹோலோட பிரில்லோ பெட்டி. பிரில்லோங்கிறது பாத்திரம் தேய்க்கிற சோப்பு நார் பிராண்டு. அதுவும் 1964தான், அதையும் கடைப் பெட்டின்னு நினைக்குறாங்க, தொட்டா பிளைவுட், மேல ஸ்கிரீன் பிரின்ட். நிஜமா கடைக்கு வந்த அட்டைப்பெட்டிய டிசைன் பண்ணினவரு ஜேம்ஸ் ஹார்வி, அவரும் பெயின்டர்தான். என்னைக் கேட்டா இந்த சண்டைக்கு சரியான கேஸ் அந்த அட்டைப்பெட்டிதான், அதப் பத்தித்தான் ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்க.