வீட்டுக் குடிநீர் இணைப்பின் ஜிஐ குழாயை மாற்றும்போது கவனிக்க

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் மண்ணில் உப்பு அதிகம். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளியே இருந்து அரித்து, மரை வெட்டிய இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். மாற்றுவதென்றால் எச்டிபிஇ என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். அரை இஞ்ச் இணைப்புக்கு 20 மி.மீ. போதும். சுருளாக வாங்கி, தெருவிலிருந்து சம்ப் (நிலத்தடித் தொட்டி) வரை மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல் ஒரே துண்டாக இழுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் ஊரில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அப்போது தளர்ந்த ஜாயின்ட் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே வரும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் மோசம். அது சட்டவிரோதமும்கூட.

கழிவுநீர்க் குழாயைக் கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் மேலே, அரை மீட்டர் இடைவெளியில் போகட்டும். அடியில் நாலு இஞ்ச் மணல் பரப்புங்கள். உடைந்த செங்கல், ஜல்லி குழாயைத் தொடவே கூடாது. மதில் சுவருக்கு அடியில் பெரிய பிவிசி குழாய்த் துண்டுக்குள் நுழைத்து விடுங்கள்.

ஃபிட்டிங்கில் செருகும் முனையை நேராக வெட்டி, பிசிறு சீவி, செருக வேண்டிய ஆழத்தை மார்க்கரால் குறியுங்கள். குறி வெளியே தள்ளித் தெரிந்தால் முழுதாகச் செருகவில்லை; ரப்பர் வளையத்தைத் தாண்டாமல் இருந்தால் கசியும்.

தெருவின் மெயின் குழாயில் இணைப்பதும் சாலை வெட்டுவதும் அனுமதி வாங்கிய பிறகுதான். தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் வால்வை மூடி, கசிவு பார்த்த பிறகே பள்ளத்தை மூடுங்கள்.