நம்ம ஊர்க் குழுவை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு புகையில்லா அடுப்பு வந்தது. கே.வி.குப்பம் பக்கம் எங்கள் ஊர். 1980களில் அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் ஊர் ஊராக அந்த அடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். களிமண் அடுப்பு, சுவரோரம் புகைபோக்கி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் கேழ்வரகுக் களி. களி கிளறுவதென்றால் பானை அசையாமல் நிற்க வேண்டும், துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மொத்த உடம்பையும் போட்டுக் கிளற வேண்டும். அந்த அடுப்பில் பானை ஆடியது, விளிம்பு பெயர்ந்தது, மூன்று மாதத்தில் பாட்டி பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார். அடுப்புப் போட வந்தவர்கள் நல்லவர்கள்தான். இந்த வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து அதே தவறை நான் எத்தியோப்பியாவில் செய்தேன். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் மகளிர் குழு வேலையில் தேர்ந்த சிலர் இப்போது ஆப்பிரிக்க நாடுகளில் புதிதாகத் திட்டம் தொடங்கக் கிளம்புகிறார்கள், போகும் முன் என்னிடம் பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறு, நம்மிடம் இருப்பது அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு போவது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாகி, இன்று குழு இல்லாத ஊரே இல்லை என்கிற அளவுக்கு வளர்ந்தது நம் மகளிர் குழு முறை. அதனால் நமக்கு ஒரு தைரியம். பன்னிரண்டு முதல் இருபது பேர், வாரச் சேமிப்பு, தீர்மானப் புத்தகம், பிறகு கடன். அடிஸ் அபாபாவுக்கு வடக்கே ஒரு வொரெடாவில் (நம் ஒன்றியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) நான் இதைச் சொன்னபோது பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான்காவது வாரம் பாதிப் பேர் வரவில்லை.

விசாரித்தால், அவர்களிடம் ஏற்கெனவே ஈக்குப் இருக்கிறது. அது நம் குலுக்கல் சீட்டேதான்: எல்லாரும் பணம் போடுவார்கள், முறை வந்தவர் மொத்தத்தையும் எடுப்பார். அப்புறம் இத்திர். மாதாமாதம் கொஞ்சம் கட்டி வந்தால், வீட்டில் சாவு விழும்போது பந்தல், பாத்திரம், சாப்பாடு, தோள் கொடுக்க ஆள், எல்லாவற்றையும் இத்திர் பார்த்துக்கொள்ளும். கையில் இருக்கும் காசு முதலில் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். இத்திருக்குக் கட்டாமல் வெளியூர்க்காரன் ஆரம்பித்த குழுவுக்கு யார் கட்டுவார்கள்? புதுக் குழு ஆரம்பிப்பதை நிறுத்திவிட்டு, இத்திர் பெரியவர்களோடு உட்கார்ந்து, உங்கள் சேமிப்பில் ஒரு பகுதியைக் கடனுக்கு ஒதுக்க முடியுமா என்று கேட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது, அந்த வருடம் திரும்பி வராது.

இந்தத் தவறு என்னோடு நிற்கவில்லை. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் நார்வே பெரும் பணத்தில் மீன் உறைய வைக்கும் ஆலை கட்டியது, 1981இல் வேலை முடிந்தது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள். உறைய வைக்க மின்சாரமும் நல்ல தண்ணீரும் ஏராளமாக வேண்டும், அது கட்டுப்படியாகாமல் ஆலை சில நாளே ஓடியது. நேர்மாறாக, 1991இல் நைஜர் நாட்டின் மராதி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம், பெண்கள் தாங்களே நடத்திவந்த தொந்தீன் என்ற சீட்டை எடுத்து அதில் கொஞ்சம் மாற்றம் மட்டும் செய்தது. இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் கிராமச் சேமிப்புக் குழுக்களுக்கு அதுதான் வேர்.

அடுத்தது நாளும் கிழமையும். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஒரு திட்டத்தையே கவிழ்த்துவிடும். எத்தியோப்பியாவில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, அவர்கள் மூன்று மணி என்றால் நமக்குக் காலை ஒன்பது. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், புத்தாண்டு செப்டம்பரில், வருடக் கணக்கோ நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். குழந்தைகளின் பிறந்த வருடத்தைக் கேட்டு எழுதும் கணக்கெடுப்பில் இதை ஒருவர் நம் வருடத்துக்கு மாற்றி, ஒருவர் மாற்றாமல் எழுதினால் மொத்தப் படிவமும் குப்பைதான். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம் இருப்பார்கள், ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர்ந்து இருப்பார்கள். இறைச்சி, பால், நெய், முட்டை எதுவும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு, இருந்தும் பலர் விரதத்தை விடுவதில்லை. நாங்கள் கோழி கொடுத்து, முட்டை சாப்பிடச் சொல்லும் சத்துணவு வேலையை அந்த 55 நாளுக்குள் ஆரம்பித்தோம். புரட்டாசி மாதம் காட்பாடியில் போய்க் கறிக்கடை திறந்த மாதிரி. அதே சமயம் சில புனிதர்களின் நாள்களில் அவர்கள் ஏர் பூட்டுவதில்லை. ஊர்க் கூட்டம் வைக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது, நம் அட்டவணையில் அதை விடுமுறை என்று போட்டு நாம் ஊருக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அம்மா ஐந்து நிமிடம் பேசுவார், கை நீட்டிக் கை நீட்டி, குரல் தழுதழுக்க. நகரத்திலிருந்து வந்த பையன் நம்மிடம் திரும்பி, "திட்டம் நல்லது என்கிறார்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, நமக்கு எது போதும் என்று அவனாக முடிவு செய்கிறான். கூட்டம் முடிந்ததும் வண்டியேறாதீர்கள். காபி போடும் வீட்டில் உட்காருங்கள். அங்கே கொட்டையை நம் கண்முன் வறுத்து, இடித்து, அபோல், தோனா, பராக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் மூன்றாவது சுற்றில்தான் பேசினார்கள். யார் வீட்டில் தானியம் தீர்ந்துவிட்டது, எந்த ஊற்றுக்கு யாரை விடுவதில்லை, எல்லாம் அங்கேதான் தெரிந்தது. அதற்கு அவர்கள் பாஷை அறிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி நம் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தச் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அரசாங்கத்தை ஒதுக்கிவிட்டு வேலை செய்யலாம் என்ற நினைப்பும் வேண்டாம். எத்தியோப்பியாவில் 2003இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு கெபெலேவிலும், அதாவது ஊராட்சி மாதிரி, இரண்டு சுகாதாரப் பணியாளர்கள், பெண்கள், சம்பளத்தோடு இருக்கிறார்கள். நம் கிராம சுகாதார செவிலியர் போல. நம்மவர்கள் போனதும் தனியாகத் தன்னார்வலர்களைப் பிடித்துப் படிக்காசு கொடுத்துப் பயிற்சி வைக்கிறார்கள், திட்டம் முடிந்து படிக்காசு நின்றதும் அவர்களும் நின்றுவிடுகிறார்கள், சுகாதாரப் பணியாளரோ நம்மைக் கேட்கவே இல்லையே என்று கசப்போடு இருப்பார்.

சட்டத்தில் ஒன்றுதான் சொல்வேன், இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். எத்தியோப்பியாவின் 2009 சட்டத்தில், வெளிநாட்டுப் பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கும் அமைப்பு மனித உரிமை வேலையைத் தொட முடியாது, 2019இல் அது மாறியது. பழைய ஆள் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். இங்கே பதிவான டிரஸ்ட் தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவு செய்தால், மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

கடைசியாகக் கணக்குப் புத்தகம். நாங்கள் முதலில் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தோம், அது செயலாளரின் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் வருடம் அவர்கள் மொழியான அம்ஹாரிக் எழுத்தில், அவர்கள் மாதப் பெயரில், அவர்கள் வருடத்தில் அடித்தோம். இத்திர் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படித்த முதல் நாளே நாற்பது பிர் (அவர்கள் நாட்டுப் பணம்) குறைகிறது என்று ஒரு குரல் வந்தது. ஒரு வருடமாக எந்தக் கூட்டத்திலும் பேசாமல் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் குரல். திரும்பக் கூட்டிப் பார்த்தோம், நாற்பது பிர் குறைந்துதான் இருந்தது.