குடற்புழு மருந்து வேலை செய்கிறதா? புழுக்கையில் பார்த்துவிடலாம்

மருந்து புகட்டி இரண்டு வாரம் ஆகியும் செம்மறிகள் தேறவில்லை. சில ஆடுகளுக்குத் தாடைக்கீழ் நீர் கோத்திருக்கிறது. உடனே வேறு மருந்து வாங்க ஓடாதீர்கள். புழு மருந்துக்கு மசியவில்லையா, நாம் கொடுத்த அளவு போதவில்லையா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோஸ்கோப்பும், மெக்மாஸ்டர் ஸ்லைடும் (முட்டை எண்ணுவதற்காகக் கோடு போட்ட, இரண்டு அறை உள்ள ஸ்லைடு) இருந்தால் போதும்.

1. எடை போடுங்கள். கண்மதிப்பில் 30 கிலோ என்று நினைத்த ஆடு தராசில் 42 காட்டும். குறைந்த அளவு மருந்தில் பலமில்லாத புழுக்கள் சாகும், தாக்குப்பிடிப்பவை தப்பி முட்டையிடும். புழுக்களுக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வளர்வதற்கு இதுவும் ஒரு வழி. புகட்டும் கருவி சரியான அளவுதான் தள்ளுகிறதா என்றும் ஒரு அளவுக்குழாயில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. புழுக்கை எடுங்கள். மருந்து கொடுக்கும் அன்றே, கொடுப்பதற்கு முன், 10 முதல் 15 ஆடுகளின் ஆசனவாயிலிருந்து கையுறை போட்டு எடுக்க வேண்டும். தரையில் கிடப்பது வேண்டாம், எந்த ஆட்டுடையது என்றே தெரியாது. அன்றைக்கே எண்ண முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெயிலில் விட்டால் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும்.

3. எண்ணுங்கள். கரைய மறுக்கும் வரை உப்புப் போட்ட தண்ணீர் 28 மில்லி, புழுக்கை 2 கிராம். நன்றாக நசுக்கிக் கலக்கி, தேநீர் வடிகட்டியில் வடித்து, அடியில் தங்குவதற்குள் ஸ்லைடின் இரண்டு அறைகளையும் நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடும். கோடுகள் தெளிவாகத் தெரியும்படி ஃபோகஸ் செய்தால் முட்டைகளும் அங்கேயே இருக்கும்.

முதல்முறை எண்ணுகிறவர்களை ஏமாற்றுவது காற்றுக்குமிழிதான். குமிழி கச்சிதமான வட்டம், ஓரம் தடித்த கறுப்பு. புழு முட்டை நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக்கொத்து மாதிரி செல்கள். அதைவிட மிகச் சிறியவை காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியுடையவையாக இருக்கலாம், அவற்றைச் சேர்க்காதீர்கள். இரண்டு அறைகளிலும் கோட்டுக்குள் இருப்பதைக் கூட்டி 50-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்ற கணக்கு.

4. மறுபடி எப்போது? மருந்தைப் பொறுத்தது. லெவாமிசோல் என்றால் 7 நாள் கழித்து. தாமதித்தால் மருந்துக்குத் தப்பிய இளம்புழுக்கள் வளர்ந்து முட்டையிட ஆரம்பித்துவிடும். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் என்றால் 10 முதல் 14 நாள். ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லாவிட்டாலும் முட்டையிடுவதைச் சில நாள் அடக்கி வைக்கும் என்பதால் 14 முதல் 17 நாள். அதே ஆடுகளில்தான் எடுக்க வேண்டும்.

5. கணக்கு. முன்பு சராசரி 800, இப்போது 240 என்றால் குறைந்திருப்பது 560, அதாவது 70 சதவீதம். 95-க்குக் கீழே வந்தாலே எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். முதல் சராசரியே 150-க்குக் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

6. அப்புறம்? எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே குடும்ப மருந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே வரும். அல்பெண்டசோல் தோற்ற இடத்தில் ஃபென்பெண்டசோல் வாங்குவது காசுக்குக் கேடு, பெயர்தான் வேறு, குடும்பம் ஒன்றே. வேறு வகை மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மந்தை முழுக்கப் புகட்டாமல், கண் இமையின் உட்புறம் வெளுத்த ஆடுகளுக்கும் மெலிந்தவற்றுக்கும் மட்டும் கொடுங்கள். மருந்து படாத ஆடுகளின் புழுக்கள் மேய்ச்சலில் கலந்து, எதிர்ப்புள்ளவை மட்டுமே பெருகுவதைத் தடுக்கும். புதிதாக வாங்கிய ஆட்டை மந்தையில் விடுவதற்கு முன் அதன் புழுக்கையையும் இப்படியே எண்ணிவிடுங்கள்.