ரோலருக்குப் பக்கத்தில் ஒரு அவதார்: தேயிலை ஸ்டோருக்குப் பயிற்சி வீடியோ செய்வது எப்படி

இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடும் பயிற்சியும் என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சி வீடியோக்களை இப்போது ஏஐ அவதாரை (நாம் கொடுக்கிற எழுத்தையோ ஒலியையோ திரையில் பேசிக் காட்டும், கணினியில் செய்த ஆளை) வைத்துத்தான் செய்கிறேன். பக்கத்துத் தோட்டங்களில் இதே வேலை பார்க்கிறவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் பேசுகிற முகம் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. அதில் தெரிகிற கை, இயந்திரம், காதில் விழுகிற குரல் மூன்றும் நம் ஸ்டோருடையதாக இருக்க வேண்டும். (எங்கள் ஆட்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

எதற்கு அவதார், எதற்கு வேண்டாம்

ஸ்டோரில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பழகிய பையன் கொழும்புக்குப் போய்விடுவான், அவன் இடத்துக்குப் புதியவன் வருவான். ஒவ்வொரு முறையும் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கொழுந்து குவிந்து கிடக்கிற நாளில் அதில் பாதி விட்டுப்போகும். இப்படித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய, ஒரு சொல்லும் விடுபடக் கூடாத விஷயங்களுக்கு அவதார் நல்லது. உள்ளே வருமுன் கை கழுவுவது, தோடு வளையல் கழற்றி வைப்பது, தலைமுடியை வலைக்குள் அடக்குவது, தீப்பிடித்தால் எந்த வாசலால் வெளியேறுவது, ரோலரை (வாடிய கொழுந்தை உருட்டி நசுக்கும் இயந்திரம்) சுத்தம் செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்துவது எல்லாம் இதில் அடங்கும்.

கை பழக வேண்டிய வேலைக்கு இது வேண்டாம். வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி அமுக்கிவிட்டு, கையைத் திறந்ததும் அது எப்படி விரிகிறது என்று பார்த்து வாட்டம் சொல்கிறார்களே, அதை ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றுதான் படிக்க முடியும். நொதித்த கொழுந்தின் வாசனையும் அப்படித்தான்.

ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை. 2 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். கை கழுவுவதையும் தீயணைப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

எழுதுவதில்தான் பாதி வேலை

எங்கள் அலுவலகக் கோப்பில் இருந்த அறிவுறுத்தல் இப்படி இருந்தது: "இயந்திரங்களைச் சுத்திகரிப்பதற்கு முன்னர் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளமையை உறுதிப்படுத்திக் கொள்ளல் வேண்டும்." இதை அப்படியே அவதாரிடம் கொடுத்தால் அது அழகாக வாசிக்கும். கேட்கிறவர் மனதில் ஒன்றும் தங்காது. நான் மாற்றி எழுதியது இது:

"ரோலரைச் சுத்தம் பண்ணப் போறீங்களா? முதல்ல ரோலரை நிறுத்துங்க. அப்புறம் மெயின் சுவிட்சையும் நிறுத்துங்க. பூட்டைப் போடுங்க. சாவி உங்க பைக்குள்ள இருக்கணும், வேலை முடியிற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க. ரோலர் முழுசா நின்னுருச்சான்னு கண்ணால பாருங்க. அதுக்கப்புறம்தான் கை வைக்கணும்."

ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்தான் இருக்கிறது, அதுவும் செய்கிற வரிசையிலேயே வருகிறது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைக் கோப்பு சொல்லவே இல்லை. உயிரைக் காப்பது அந்த வரிதான். ஒருவர் உள்ளே கை விட்டிருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட முடியாதபடி செய்வதற்குத்தான் அந்தப் பூட்டு.

சாட்ஜிபிடியிடம் முதல் வரைவு கேட்பதில் தவறில்லை. ஆனால் அது எந்த நாட்டு, எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்துகிற மாதிரி எழுதும். நம்மிடம் இல்லாத சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லும். வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு இயந்திரத்தருகே போய், ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பொருள் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். 2 நிமிடத்துக்கு 200 சொல் தாராளம். எழுதி முடித்ததும் சலிப்பு அறையில் (தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை) ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "என்னது?" என்று அவர் கேட்கிற இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

இன்னொன்று, இலங்கை அலுவலகங்களில் அடிக்கடி வருகிற தொல்லை. பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் செயலி அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்துப்பிழை பாருங்கள்.

குரல்

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கணினிக் குரல் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட்டிடம் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு குரல்கள் உண்டு. சிங்களத்துக்கு சமீர, திலினி. தீ ஒத்திகைத் தேதியை அறிவிப்பது போன்ற சின்ன வேலைக்கு அவை போதும். ஆபத்தான வேலைக்கு மனிதக் குரலே வேண்டும். சிந்தீசியா, ஹேஜென் போன்ற அவதார் செய்யும் செயலிகளில் நாம் பதிவு செய்த ஒலியைக் கொடுத்தால் அவதார் அதற்கேற்ப வாயசைக்கும். அந்த வழியைத்தான் நான் பிடித்திருக்கிறேன்.

எங்கள் வீடியோக்களில் கேட்பது சலிப்பு அறையில் நெடுநாள் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் குரல். அவர் "கையை உள்ள விட்றாதீங்கப்பா" என்று சொல்வதில் ஒரு பதற்றம் இருக்கும். விபத்தை நேரில் பார்த்தவருடைய பதற்றம் அது. எந்தக் கணினிக் குரலுக்கும் அது வராது. புதிதாக வருகிற பிள்ளைகளும் அந்தக் குரலுக்குத்தான் கட்டுப்படுகிறார்கள்.

பதிவு செய்யப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. ஸ்டோர் ஓடாத நேரமாகப் பாருங்கள். தகரக் கூரையுள்ள அறையில் மழை நேரத்தில் பதிவு செய்யவே முடியாது. நம் ஊரில் வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். சின்ன அறையில் சுவரோரம் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். தாளைப் பார்த்து வாசிக்க விடாதீர்கள். ஒரு வரியை நீங்கள் சொல்லுங்கள், அதை அவர் தன் வாய்ப்படி திருப்பிச் சொல்லட்டும். பதிவை வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிப் போகும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

கணினிக் குரலைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் எண்களை எழுத்தால் எழுதுங்கள். "95°" என்று போடாமல் "தொண்ணூற்றைந்து பாகை" என்று எழுதினால் பிசகு வராது. நம் எழுத்தில் ககர ஒலிகளுக்கெல்லாம் ஒரே எழுத்து என்பதால், "பெல்ட் கார்ட்" என்று எழுதினால் இயந்திரத்தின் தடுப்பைச் சொல்கிறோமா, அட்டையைச் சொல்கிறோமா என்று அதற்குத் தெரியாது. "பெல்ட் மூடி" என்று எழுதிவிடுங்கள்.

முகத்தைத் தேர்ந்தெடுப்பது

செயலியின் பட்டியலில் கோட்டுச் சூட்டோடு கண்ணாடி அலுவலகத்தில் நிற்பவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு எளிய உடையில் இருப்பவரை எடுங்கள். தோட்டையும் வளையலையும் கழற்றச் சொல்கிற வீடியோவில், பேசுகிற பெண்ணின் காதில் தோடு ஆடக் கூடாது. விரித்த முடியும் கூடாது. தேர்ந்தெடுக்குமுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவதாரைத் திரை முழுக்க நிறுத்துவது தொடக்கத்தில் சில நொடியும் முடிவில் சில நொடியும் போதும். நடுவில் ஒரு மூலைக்குப் போய்விட வேண்டும். அவதாரால் நம் ரோலரைத் தொட்டுக் காட்ட முடியாது, சாவியைப் பையில் போட முடியாது. தமிழுக்கு வாயசைவும் முழுதாகப் பொருந்துவதில்லை. சின்னதாகத் தெரிந்தால் கண்ணை உறுத்தாது.

மனேஜரின் முகத்திலேயே அவதார் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்ய முடியும். சொந்த அவதாருக்கு அந்த ஆளே கேமரா முன் ஒப்புதல் சொல்கிற பதிவைச் செயலிகள் கேட்கும். ஆனாலும் எனக்கு அதில் விருப்பமில்லை. அவர் சொல்லாத ஒன்றை நாளைக்கு அவர் முகம் சொல்லும். தோட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவருடைய முகத்தையும் குரலையும் எடுக்குமுன் எதற்கு, எத்தனை நாளுக்கு, அவர் வேலையை விட்டால் என்ன செய்வோம் என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குரல் கொடுத்த அக்காவிடமும் அப்படித்தான் வாங்கினேன். அவர் குரலைக் கணினியில் நகல் எடுக்க மாட்டோம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.

பார்க்கிறவர்களிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வீடியோவைப் போட்டதும் ஒரு பாட்டி, "இந்தப் புள்ள எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் "நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச முகம். குரல் நம்ம ஸ்டோர் அக்காவோடது" என்று அவதாரே சொல்லிவிடும். எழுத்தாக மட்டும் போட்டால் வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் போய்ச் சேராது.

கையைப் படம் பிடிப்பது

வேலை செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே எடுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடது வலது மாறிப்போகும். முகம் தேவையில்லை, கை போதும். போனைக் கிடையாகப் பிடியுங்கள். ஸ்டோரில் தூள் பறந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கறுப்புப் பட்டை ஓடினால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம். கேமராவில் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியிலோ நூறில் ஒரு நொடியிலோ வைத்தால் பட்டை போய்விடும்.

படத்துக்காக மூடியைக் கழற்றி இயந்திரத்தை ஓட்டாதீர்கள். தவறான முறையைக் காட்ட வேண்டுமென்றால் மின்சாரத்தைப் பூட்டிய பிறகு, நிற்கிற இயந்திரத்தில் காட்டுங்கள்.

ஒட்டுவதும் காட்டுவதும்

அவதாரைச் செய்வது அவர்களுடைய சர்வரில். அதனால் நம் கணினி பழையதாக இருந்தாலும் பிரச்சினையில்லை. மலைப்பக்கத்து இணைப்புக்கு ஏற்ற வழி இது: ஒலிக் கோப்பை மட்டும் ஏற்றி, பச்சைப் பின்னணியில் அவதார் துண்டை இறக்கிக்கொள்ளுங்கள். கனமான படங்களை ஏற்றவே வேண்டாம், போனிலேயே கேப்கட் மாதிரி ஒன்றில் இரண்டையும் சேர்த்துவிடலாம். திரையில் போடும் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு நல்லது. சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், வெளியிடுமுன் "கொ", "போ" வருகிற இடங்களைப் பாருங்கள். 720பி அளவில் எடுத்தால் போதும்.

சிங்களப் பிரதி தனியாக வேண்டும். எங்கள் ஸ்டோரில் இரண்டு மொழிக்காரரும் ஒரே ரோலரில் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பொத்தானை நம்பாமல், அதே வேலை செய்கிற சிங்களத் தம்பி ஒருவரைச் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள்.

ரோலர் அறையில் வீடியோ போட்டால் ஒன்றும் கேட்காது. நான் வேலை தொடங்குமுன் ஓய்வறை டிவியில் போடுகிறேன். முடிந்ததும் புதியவரை இயந்திரத்தடியில் கூட்டிப்போய், "இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க" என்பேன். சரியாகச் செய்தால்தான் பதிவேட்டில் கையெழுத்து. உணவுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 22000 தணிக்கைக்கு வருகிறவர்கள் பயிற்சிக்கான பதிவைக் கேட்பார்கள். பார்த்தார் என்பதோடு செய்து காட்டினார் என்றும் அதில் இருக்கட்டும்.

எழுத்து, ஒலி, கைப்படம், அவதார் துண்டு நான்கையும் தனித்தனிக் கோப்புறையில் தேதி போட்டு வையுங்கள். சுவிட்ச் இடம் மாறினால் அந்த ஒரு வரியையும் அதற்கான படத்தையும் மட்டும் மாற்றலாம். வீடியோவின் மூலையிலும் தேதி தெரியட்டும். புதியது வந்த அன்றே பழையதை டிவியில் செருகியிருக்கும் பென்டிரைவிலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருப்பவர்களிடம் நேரில் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.