ஹர்டி-கர்டியில் பிரெஞ்சு பரோக் இசை: முதலில் சக்கரம்

ஹர்டி-கர்டி என்பது கைப்பிடியால் சுற்றும் சக்கரம் தந்திகளை உரச, விரலால் அழுத்தும் கட்டைகள் ஸ்வரத்தை மாற்றும் வாத்தியம். அது கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது அந்தக் 'கர்ர்' என்ற அதிர்வொலியைத்தான். கிராமிய நடன இசைக்கு அது உயிர். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வரவேற்பறைகளில் வாசிக்கப்பட்ட பரோக் இசைக்கு வழி வேறு. அதற்கு முதலில் வேண்டியது சீராகவும் மென்மையாகவும் சுற்றும் சக்கரம். அது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்த வரிசையில்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வாசிக்கப் போகும் இசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தெருப் பாடகர்களும் கிராமத்தாரும் வைத்திருந்த வாத்தியம் இது. பிரெஞ்சில் இதற்கு வியேல் என்று பெயர். 1716 வாக்கில் வெர்சாயில் ஆன்ரி பாத்தோன் என்ற கருவி செய்பவர், பழைய கிதார்களின் உடலிலும், பிறகு லூட் என்ற தந்தி வாத்தியத்தின் வளைந்த உடலிலும் இதன் சக்கரத்தையும் கட்டைகளையும் பொருத்தத் தொடங்கினார். அதனால் ஒலி இனிமையாக மாறியது. மேய்ப்பர் வாழ்க்கையை ரசிப்பது பிரபுக்களிடையே மோகமாக இருந்த காலம் அது. பிரெஞ்சு ராணி மாரி லெஷ்சின்ஸ்காவே வியேல் வாசித்தார். புவாமோர்த்தியே, நோதோ, ஷெத்வில் போன்ற இசையமைப்பாளர்கள் இதற்காக எழுதிக் குவித்தார்கள்.

படி 1: சுருதி

மொத்தம் ஆறு தந்திகள். மெலடி வாசிக்கும் இரண்டு தந்திகளும் ஒரே சுருதியில், நடு சி-க்கு மேலுள்ள ஜி-யில் நிற்கும். மற்ற நான்கும் ஒரே ஸ்வரத்தில் விடாமல் ஒலிக்கும் சுருதித் தந்திகள். அவற்றில் திரோம்பெத் மேலே இருக்கும், மூஷ் அதற்குக் கீழே, இரண்டு பூர்தோன்கள் அடியில்.

இந்த அமைப்பில் சி, ஜி ஆகிய இரண்டையும்தான் ஆதாரமாக வைத்து வாசிக்க முடியும். சி-யில் வாசிக்கும்போது திரோம்பெத்தை நடு சி-யில் வையுங்கள். மூஷ் அதற்குக் கீழே உள்ள ஜி, சின்ன பூர்தோன் அதற்கும் கீழே உள்ள சி. பெரிய பூர்தோனைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடுங்கள். ஜி-க்கு மாறும்போது திரோம்பெத்தை டி-க்கு ஏற்றி, சின்ன பூர்தோனை விலக்கி, பெரிய பூர்தோனைச் சக்கரத்தின் மேல் இறக்குங்கள். அதன் சுருதி அடி ஜி. நம் தம்பூராவைப் போல, எப்போதும் ஷட்ஜமும் பஞ்சமமும் பின்னால் நிற்கும்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸை (ஏ ஸ்வரத்தின் அதிர்வெண்) விடத் தாழ்வு. 415, 392 என்றெல்லாம் இன்று வாசிக்கிறார்கள். ஆரம்பத்தில் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வாத்தியத்தின் தந்திகள் எந்தச் சுருதிக்குப் போடப்பட்டனவோ, அதிலேயே இருங்கள்.

படி 2: பஞ்சும் ரோசினும்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "என் வாத்தியம் சரியில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் சரியில்லாதது பஞ்சுதான்.

தந்தி சக்கரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய பஞ்சுப் படலம் இருக்க வேண்டும். நீளமான இழை உள்ள சுத்தமான பஞ்சாக எடுங்கள். ஒரு சிட்டிகையை மெலிதாகப் பிரித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இழையின் நுனியைத் தந்தியில் காட்டினால், அதுவே போய்ச் சுற்றிக்கொள்ளும். தந்தியின் நிறம் லேசாகத் தெரியும் அளவு போதும். அதிகமானால் ஒலி மூச்சடைத்துப் போகும். குறைந்தால் கீச்சிடும், மேல் ஸ்தாயிக் கட்டைகளில் அது நன்றாகவே கேட்கும்.

ரோசினை (வயலின் வில்லுக்குப் பூசும் மரப்பிசின் கட்டி) சக்கரத்தின் விளிம்பில் லேசாக வைத்து சில சுற்றுகள் சுற்றினால் போதும். சக்கரத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இடறும்.

பஞ்சும் ரோசினும் சரியாக இருந்தும் ஒலி கரகரத்தால், தந்தி சக்கரத்தை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று பொருள். குதிரையில், அதாவது தந்தியைத் தாங்கும் மரத்துண்டில், தந்தி உட்காரும் பள்ளத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகுங்கள். தந்தி கொஞ்சம் உயர்ந்து அழுத்தம் குறையும்.

படி 3: வலது கை

பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வாத்தியத்தை மடியில் வையுங்கள். கட்டைகள் இருக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். கட்டைகள் தம் எடையால்தான் திரும்பி விழுகின்றன. சாய்வு இல்லாவிட்டால் அப்படியே ஒட்டி நிற்கும்.

முதலில் ஒரு பூர்தோன் மட்டும் ஒலிக்கட்டும். கைப்பிடி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்கு ஒரு சுற்று. கைப்பிடி மேலே ஏறும்போது ஒலி தளர்கிறதா, கீழே இறங்கும்போது புடைக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல் ஒரே நேர்கோடாக வரும்வரை கட்டைகளைத் தொடவே வேண்டாம். அலுப்பாக இருக்கும், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அப்புறம் ஒரு சுற்றை இரண்டு பாதியாகப் பாவியுங்கள். பாதி முடியும் இடத்தில் மணிக்கட்டை இம்மியளவு தளர்த்தி, உடனே மீண்டும் தள்ளுங்கள். வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடத்தில் நாம் செய்வது இதுதான். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பேசுவது இதனால்தான். பரோக் இசையில் மெட்டு வாய்திறந்து பேச வேண்டும். வெறுமனே இழுபட்டுக்கொண்டே போனால் அரை நிமிடத்தில் கேட்பவருக்குச் சலித்துவிடும்.

படி 4: இடது கை

கட்டை எதையும் அழுத்தாதபோது வெறுந்தந்தியின் ஜி ஒலிக்கும். மேலே ஏறும்போது பிரச்சினை இல்லை. கீழ்க் கட்டையைப் பிடித்தபடியே மேல் கட்டையை அழுத்தினால் மேல் ஸ்வரம்தான் கேட்கும். இறங்கும்போதுதான் கவனம் தேவை. அடுத்த கீழ்க் கட்டையை முதலில் அழுத்தி வைத்துக்கொண்டு, பிறகு மேல் விரலை எடுங்கள். இல்லாவிட்டால் இடையில் ஒரு ஜி எட்டிப்பார்க்கும்.

ஒவ்வொரு கட்டையிலும் தந்தியைத் தொடும் சின்ன மரத்துண்டுகளைத் திருப்பிச் சுருதியைத் திருத்தலாம். சி-யில் வாசிப்பதானால், ஈ-யை டியூனர் (சுருதி காட்டும் கருவி) காட்டும் இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்த்துங்கள்; அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். அடியில் ஒலிக்கும் சி-யோடு அது அப்படியே கலந்துவிடும். டியூனர் செயலியை நம்புவதைவிடச் சுருதித் தந்தியைக் கேட்டுச் சேர்ப்பது மேல்.

படி 5: பிரெஞ்சு நடை

தாளில் சமமாக எழுதப்பட்ட குறுகிய ஸ்வரங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் சமமாக வாசிக்கவில்லை. அடுத்தடுத்த படிகளில் ஏறி இறங்கும் ஜோடிகளில் முதலாவது சற்று நீளும், இரண்டாவது சற்றுக் குறுகும். மினுவே என்ற மூன்று தட்டு நடனத்தில், எய்த் நோட் எனப்படும் அரைத் தட்டு நீள ஸ்வரங்களுக்கு இது பொருந்தும். எவ்வளவு நீளம் என்பது அந்தப் பாட்டின் குணத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டு மூன்றுக்கு ஒன்று என்று வாசித்தால் நொண்டும். சாய்ந்து நடப்பது போல இருந்தால் போதும்.

தாளில் + குறி இருந்தால் அது த்ரம்பிளமான், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி வாசிக்கும் அலங்காரம். மேல் ஸ்வரத்தில் தொடங்குங்கள். கீழ்க் கட்டையை அழுத்திப் பிடித்தபடி மேல் கட்டையைத் தட்டுங்கள். சி-யில் ஒரு வரி முடியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஈ-யில் கொஞ்சம் சாய்ந்து நின்று, டி-ஈ என்று மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சி-யில் இறங்க வேண்டும். அடியில் விடாமல் ஒலிக்கும் சி-யோடு டி உரசுகிறதே, அந்த உரசல்தான் இந்த இசையின் சுவை. அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

படி 6: எதை வாசிப்பது

சி மேஜரில் உள்ள மெதுவான ஒரு மினுவே, அடுத்து ஒரு மியூசெத், பிறகு கவோத்; இவையும் நடன இசை வகைகளே. புவாமோர்த்தியேயின் எளிய இருவர் வாசிப்புத் துண்டுகள் நல்ல துணை. துப்புயி 1741-இல் வெளியிட்ட பயிற்சி நூலையும், கோரெத் 1783-இல் வெளியிட்டதையும் தேடிப் பாருங்கள். பழைய அச்சுப் பிரதிகள் பலவும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சில தாள்களில் ஜி கிளெஃப் (ஜி எந்தக் கோட்டில் என்று காட்டும் குறி) அடிக்கோட்டில் போடப்பட்டிருக்கும். வாசிக்கத் தொடங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை பழகிய பிறகு 'இல் பாஸ்தோர் ஃபிதோ' சொனாட்டாக்களுக்கு வாருங்கள். 1737-இல் விவால்டி பெயரில் வெளிவந்தவை அவை. உண்மையில் எழுதியவர் நிக்கோலா ஷெத்வில்.

படி 7: இப்போது அதிர்வொலி

திரோம்பெத் தந்தி உட்காரும் சின்னக் குதிரையின் ஒரு கால் பலகையைத் தட்டித்தான் அந்த 'கர்ர்' வருகிறது. தந்தியை இழுத்துப் பிடிக்கும் குட்டிப் பிரடையைத் திருப்பி, சாதாரணச் சுற்றில் அது வாய்மூடி இருக்கும்படியும், மணிக்கட்டை வெட்டித் தள்ளினால் மட்டும் பேசும்படியும் வையுங்கள். மெதுவான பகுதிகளில் அதை விலக்கியே வாசியுங்கள். தாம்பூரேன், ரிகோதோன் போன்ற துள்ளல் நடனங்களில் ஒவ்வொரு தாள அளவின் (பார்) முதல் தட்டுக்கும் ஒரு வெட்டு. அது நிலைத்த பிறகு ஒரு சுற்றுக்கு இரண்டு, பிறகு நான்கு.