சீமைச்சுண்ணாம்பு மலையில் மவுண்டன் பைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் மலைகளில் பத்து வருடங்களாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக ஓட்டவருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் இரண்டு வருடங்களில் நான் என்னென்ன தப்பு செய்தேனோ, அதையே அச்சுப் பிசகாமல் அவர்களும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. ஹெல்மெட் போடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியும் சவுத் டவுன்ஸ் வே என்ற தடம் 160 கிலோமீட்டர் நீளம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சைக்கிளில் போகலாம். மலை முழுக்கச் சாக், நாம் சீமைச்சுண்ணாம்பு என்கிறோமே, அந்தப் பாறைதான். டைனோசர்கள் இருந்த காலத்தில் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானது. மேலே ஆடு மேயும் புல்வெளி, சரிவுகளில் பீச் மரக்காடு. பார்க்க மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற தோற்றத்தை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

மெல்லிய டயரோடு வருவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாக் மென்மையான பாறை, நகத்தால் கீறினால் பொடி வரும். ஆனால் அதற்குள் வரிவரியாகச் சிக்கிமுக்கிக் கல் புதைந்திருக்கிறது. மழை சாக்கைக் கரைத்துக்கொண்டு போய்விடும், சிக்கிமுக்கி மட்டும் தடத்தின் மேலேயே தங்கிவிடும். டிராக்டரோ குதிரையோ மிதித்து அது உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி விளிம்பு வரும். இதே மலைத்தொடரில் சிஸ்பரி ரிங் என்ற இடத்தில், புதிய கற்கால மனிதர்கள் கோடாரி செய்வதற்காகச் சுரங்கம் தோண்டி இந்தக் கல்லை எடுத்திருக்கிறார்கள். மரம் வெட்டப் பயன்பட்ட கல்லின் மேல்தான் நாம் ரப்பரை உருட்டுகிறோம்.

பட்டனில், அதாவது டயர் தரையைத் தொடும் பகுதியில், ரப்பர் தடிமனாக இருக்கும். அங்கே சின்ன ஓட்டை விழுந்தால் டியூப்லெஸ் டயருக்குள் இருக்கும் சீலன்ட் என்ற திரவம் அடைத்துவிடும். பக்கவாட்டில் விழும் வெட்டு அப்படியில்லை. அங்கே ரப்பர் மெலிது, சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. சீலன்ட் காய்ந்து பிடிப்பதற்குள் வாய் மறுபடி திறந்துகொள்ளும். ஒரு சென்டிமீட்டர் வெட்டு விழுந்தாலே அன்றைய பயணம் முடிந்த மாதிரிதான்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம், எடை குறைவு என்று ஒரு ஜோடிப் பந்தய டயர் வாங்கினேன். பக்கவாட்டைப் பிடித்துப் பார்த்தால் துணி மாதிரி இருக்கும். ஏற்றத்தில் சுகமாகத்தான் போயிற்று. பிக்னர் மலையிலிருந்து ஆருன் ஆற்றை நோக்கி இறங்கும்போது, பின்சக்கரத்தில் துணி கிழிவது போல ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் வெட்டுக்குள் கட்டைவிரல் நகம் நுழைகிறது. டியூப் மாட்டினேன், அது அந்த வெட்டு வழியாகப் பிதுங்கி பத்து நிமிடத்தில் வெடித்தது. அப்புறம் ஆம்பர்லி ரயில் நிலையம்வரை தள்ளிக்கொண்டு நடந்தேன். வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத டயர், 50 பவுண்டு, குப்பைக்குப் போனது.

போன மாதம் ஒருவர் அதே வகை டயரோடு வந்தார். வண்டியை எடுக்கும் முன்பே சொன்னேன். "தரை காய்ந்துதானே இருக்கு அண்ணா?" என்றார். காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் கல்லின் விளிம்பு கல்லின் விளிம்புதான். பதினொன்றாவது கிலோமீட்டரில் முன்டயர் போனது. அவருக்கு மட்டுமா, கூட வந்த ஐந்து பேருக்கும் அன்றைய நாள் போனது. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். டயருக்கு 250 கிராம் மிச்சம் பிடித்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள்.

பக்கவாட்டில் கூடுதல் அடுக்கு வைத்த டயரை வாங்குங்கள். ஒன்று ஒரு கிலோ பக்கம் எடை வரும், வரட்டும். காற்றழுத்தத்திலும் கவனம் வேண்டும். டயரில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச அளவுக்குக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். இறுகிய டயர் கல்லுக்கு வளைந்து கொடுக்காது, விளிம்பு நேராக ரப்பருக்குள் இறங்கும். ரொம்பக் குறைத்தாலும் பக்கவாட்டுப் பிதுங்கி அதுவே கல்லில் உரசும். நான் 72 கிலோ. 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். உங்கள் எடைக்கு அங்கிருந்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

பையில் பழைய டயரிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று வைத்திருங்கள். பக்கவாட்டு கிழிந்தால் அதை உட்பக்கம் வைத்து அதன்மேல் டியூபை மாட்டினால் வீடுவரை வரலாம். புது டியூப் போடும் முன் டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், சில்லு விரலைக் கிழிக்கும். ஒரு காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள், சில்லு இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். இதைச் செய்யாமல் ஒரே சில்லுக்கு மூன்று டியூப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஈரச் சாக்கைச் சேறு என்று நினைப்பது

சேற்றில் டயரின் பட்டன் அமுங்கி எங்கேயாவது பிடி கிடைக்கும். நனைந்த சாக்கில் அது நடக்காது. மேலே தாள் கனத்துக்கு வழுவழுவென்று ஒரு பசை, அடியில் இறுகிய பாறை. பட்டன் இறங்க இடமே இல்லை. சோப்பு தேய்த்த குளியலறைத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரநிழலில் இன்னும் மோசம். பல நூறு வருடங்களாக மக்களும் மாடுகளும் நடந்து தேய்ந்து, இரண்டு பக்கமும் கரை உயர்ந்த பள்ளத்தடங்கள் காட்டோரம் நிறைய உண்டு. வெயில் விழாத இடம் என்பதால் வெள்ளைப் பாறைமேல் இளம்பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்த பிறகும் முன்பிரேக்கைத் தொட்டால் விழுவது உறுதி. வேகத்தை மேலே, புல் இருக்கும் இடத்திலேயே குறைத்துவிடுங்கள். இறங்கும்போது ஹேண்டில்பாரை நேராக வைத்துப் பின்பிரேக்கை மட்டும் லேசாகப் பிடியுங்கள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் இறங்கி, ஓரத்துப் புல்லில் நடந்து வாருங்கள். நான் இன்றும் அப்படி நடக்கிற இடங்கள் உண்டு.

மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடர்வது

வழிகாட்டிக் கம்பத்தில் அம்புக்குறி மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நமக்கும் குதிரைக்காரர்களுக்கும் நீலம். அல்பிரிஸ்டன் தாண்டி செவன் சிஸ்டர்ஸ் செங்குத்துப் பாறைகளின் மேல் போவது நடைபாதை. சைக்கிள் ஜெவிங்டன் வழியாகப் போக வேண்டும்.

ஈஸ்ட்போர்னில் ஆரம்பிப்பது

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். மேற்குக் கோடியான வின்செஸ்டரில் தொடங்குங்கள், காற்று முதுகில் இருக்கும்.

மேலே ஓடை இருக்கும் என்று நம்புவது

இருக்காது. சாக் மழையை அப்படியே உறிஞ்சிவிடும். வழியில் குடிநீர்க் குழாய்கள் உண்டு, எங்கெங்கே என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவது

நீலத் தடத்தில் சைக்கிளுக்கு உரிமை கிடைத்தது 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தால். நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குதிரை சக்கரத்தின் கிர்ரென்ற சத்தத்துக்கு மிரளும், மனிதக் குரலுக்கு மிரளாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "குட் மார்னிங்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பிறகு, நன்றாகத் தள்ளி மெதுவாகக் கடந்து போங்கள். மணியை மட்டும் அடித்துவிட்டுப் பாய்கிறவர்களால் பெண்பிள்ளை ஒருத்தி குதிரையிலிருந்து விழப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

நாளைக்குக் கழுவலாம் என்று விடுவது

வெள்ளைப் பசை ராத்திரியில் காய்ந்துவிட்டால் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். செயினுக்குள்ளும் பிரேக் பேடுகளுக்கு இடையிலும் போய் எல்லாவற்றையும் அரைக்கும். வீட்டுக்குள் போகும் முன்பே தண்ணீர் அடித்து, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். அப்படியே டயரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். போன ஞாயிறு ராத்திரி டார்ச்சும் ஊசியுமாக உட்கார்ந்து என் பின்டயரிலிருந்து நாலு சில்லு எடுத்தேன். அதில் ஒன்று அரிசி அளவுதான், கறுப்பு. பாதி ரப்பரைத் தாண்டி உள்ளே போயிருந்தது.